ஸ்டாக் இல்லை

நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தால், அதில் காசநோய் தெரிகிறதா என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது கணினி. நல்லது. அந்த நோய்க்கு மாத்திரை கிடங்கில் இருக்கிறதா? இதற்குக் கணினி வேண்டாம். கதவைத் திறந்து எட்டிப் பார்க்க ஓர் ஆள் போதும். அந்த ஆளைத்தான் நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

2024 மார்ச். உலகக் காசநோய் நாளுக்கு இன்னும் சில நாள். உறுதிமொழி வாசகம் தயார், பதாகை தயார். அந்த நேரம் பார்த்து மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்கு ஒரு கடிதம். எதிர்பாராத புறக் காரணங்களால் காசநோய் மருந்து வந்துசேரத் தாமதமாகலாம். மூன்று மாதத்துக்கு வேண்டியதை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் நோயாளி கடையில் வாங்கட்டும், பணத்தைப் பிறகு கொடுங்கள். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

எதிர்பாராத காரணமாம். உலகத்தில் காசநோய் பிடித்தவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். வருஷத்துக்குப் புதிதாக 25 லட்சம் பேருக்கும் மேல். கிருமியை ராபர்ட் காக் கண்டு சொன்னது 1882-ல். சுனாமி எதிர்பாராதது. நிலநடுக்கம் எதிர்பாராதது. நூற்று நாற்பது வருஷமாக நம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் மத்தியானம் சோறு கேட்டால், அதுவும் எதிர்பாராததா?

முந்தின வருஷமே ஒத்திகை நடந்திருந்தது. சாதாரண மருந்துக்கு மசியாத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட், சைக்ளோசெரின் போன்றவை கிடைக்கவில்லை என்று 2023-ல் நோயாளிகளும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் கத்தினார்கள். தட்டுப்பாடு இல்லை, செய்தி தவறு என்றது அமைச்சகம். அந்த இல்லாத தட்டுப்பாடு சில மாதத்தில் அரசுக் கடிதமாகவே பிறந்தது. சுகப் பிரசவம்.

நோயாளி சத்தாகச் சாப்பிட அன்றைக்கு அரசு கொடுத்துவந்தது மாதம் 500 ரூபாய். அதை வைத்து முட்டை வாங்குவதா, மாத்திரை வாங்குவதா? இந்தக் கணக்கை எந்த அல்காரிதத்திடமும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி இருக்கிறார். பொங்கலுக்கு எவ்வளவு வெல்லம் இறக்குவீர்கள் என்று கேளுங்கள். விரலை மடக்குவார், மோட்டுவளையைப் பார்ப்பார், சொல்லிவிடுவார். போன வருஷம் இவ்வளவு போனது, தெருவில் புதிதாக இரண்டு அடுக்குமாடி வந்திருக்கிறது, லாரி வர நாலு நாள், மழை பிடித்தால் ஆறு நாள். அவ்வளவுதான் சரக்கு இருப்புக் கலை. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறையும் என்று 1913-லேயே ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் சூத்திரம் எழுதிவிட்டார். எப்போது வாங்குவது என்பதும் ரகசியமல்ல. ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது, கேட்டால் எத்தனை நாளில் வரும், இரண்டையும் பெருக்கு, ஆபத்துக்குக் கொஞ்சம் கூட்டு, இருப்பு அந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் போடு. இன்றைய அல்காரிதம் எத்தனை நகை போட்டுக்கொண்டு வந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது நம் அண்ணாச்சிதான். என்ன, அவர் கடையில் வெல்லம் எதிர்பாராத புறக் காரணங்களால் தீர்ந்ததில்லை. தீர்ந்தால் கடை மூடிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

காசநோய் மருந்து வெல்லத்தைவிட எளிது. பொங்கல், தீபாவளி என்று தேவை ஏறி இறங்காது. நோயாளியின் பெயர், எடை, ஊர் எல்லாம் 2012-லிருந்து நிக்ஷய் என்ற கணினிப் பதிவேட்டில் ஏறுகின்றன. சாதாரணக் காசநோய் என்றால் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. எடைக்குத் தகுந்தபடி தினம் இத்தனை மாத்திரை. இன்று பதிவாகிறவருக்கு ஐந்தாவது மாதத்தில் என்ன வேண்டும் என்பது இன்றைக்கே தெரியும். இதற்குக் கணிப்பு என்று பெயர் வைப்பதே அதிகம். கூட்டல் கணக்கு. கையிருப்பைக் கவனிக்க நிக்ஷய் ஔஷதி என்று தனி மென்பொருளும் இருந்தது. கணினி இருந்தது. பாஸ்வேர்டு இருந்தது. மாத்திரைதான் இல்லை. ஏட்டுச் சுரைக்காய்க்கு லாகின் ஐடி கொடுத்துவிட்டால் கறி வெந்துவிடுமா?

மென்பொருள் அதிகபட்சம் சிவப்பு விளக்கு காட்டும். டெண்டரில் கையெழுத்துப் போடாது. ஒரு கோப்பு இந்த மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று கணிக்கும் அல்காரிதத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதினால் அதற்கே பைத்தியம் பிடிக்கும்.

கவுண்டருக்கு வாருங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நீங்களும் அங்கே நின்றிருக்கிறீர்கள். கம்பி வலை. கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கம் ஒரு கணினி, ஒரு இளைஞர். இந்தப் பக்கம் இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மா.

"தம்பி, அந்தச் செவப்பு மாத்திரை?"

"சிஸ்டத்துல இல்லைம்மா."

"சிஸ்டத்துல இல்லாட்டி அலமாரியில பாரேன்."

"சிஸ்டத்துல இல்லைன்னா அலமாரியிலயும் இருக்காதும்மா. அலமாரியில இருந்தாலும் சிஸ்டத்துல இல்லாம குடுக்க முடியாது."

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. ஒப்பந்த ஊழியராக இருப்பார். நிர்வாக இயல் புத்தகங்கள் முந்நூறு பக்கத்தில் சொல்வதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த அம்மா வெறுங்கையோடு பஸ் ஏறுகிறார். கணினியில் என்ன பதிவாகிறது? விநியோகம்: 0. மறுநாளும் 0. வாரம் முழுக்க 0. கேட்டு வந்து இல்லையென்று திரும்பியவரை அந்தக் கணக்குக்குத் தெரியாது. கொடுத்ததை எழுதுவார்கள், கொடுக்காததை யார் எழுதுவார்? பழைய விநியோகத்தைப் பார்த்துப் புதிய தேவையைக் கணிக்கும் அல்காரிதத்திடம் இந்தப் பூஜ்யங்களைக் கொட்டினால் அது என்ன முடிவுக்கு வரும்? அடடா, இந்த ஊரில் யாருக்கும் இந்த மாத்திரை வேண்டாம்போலிருக்கிறது. அடுத்த காலாண்டுக்குக் குறைத்து அனுப்பு. குறைத்து அனுப்பினால் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் பூஜ்யம் கூடும். பூஜ்யம் கூடினால் இன்னும் குறைத்து அனுப்பு. கடைசியில் ஊரே ஆரோக்கியமாகிவிடும். திரையில்.

சரக்குக் கணக்கு படித்தவர்களுக்கு இது பழைய கோளாறு. மருந்தும் அவர்களிடமே இருக்கிறது: இருப்பு இல்லாத நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுத் தேவையை மதிப்பிட வேண்டும். ஆனால், விலக்குவதற்கு முன்னால் இருப்பு இல்லாத நாட்கள் இருந்தன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமைச்சகம்தான் தட்டுப்பாடே இல்லை என்றதே!

சரி, படம் பார்க்கும் கணினிக்கு வருவோம். மாத்திரை எண்ணும் கணினிக்கு இல்லாத மவுசு இதற்கு உண்டு. மாத்திரை டப்பாவோடு புகைப்படம் எடுத்துக்கொண்டால் அமைச்சருக்கு அழகில்லை. செயற்கை நுண்ணறிவோடு எடுத்துக்கொண்டால் எதிர்காலமே பின்னால் நிற்பது போலிருக்கும்.

2016-ல் கணினி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் ஒரு மேடையில் பேசினார். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர்களை உருவாக்குவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் கணினி அவர்களை முந்திவிடும் என்றார். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டுக் கீழே பார்க்காததால் இன்னும் விழாமல் அந்தரத்தில் நிற்குமே ஒரு ஓநாய், அந்த நிலையில் இருக்கிறார்கள் என்றார். அந்த ஐந்து வருஷம் முடிந்தும் வருஷங்கள் ஆகின்றன. ஓநாய் விழவில்லை. நம் ஊரில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு இன்னமும் "நாளைக்கு வாங்க" என்கிறார்கள், கையெழுத்துப் போட டாக்டர் வரவில்லை என்று. ஹின்டனுக்கு 2024-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இந்த ஆரூடத்துக்காக அல்ல.

கணினி படத்தில் எதைப் பார்க்கிறது என்பது தனிக்கதை. தோல் புற்றுநோயைப் படம் பார்த்தே சொல்வதில் தோல் மருத்துவர்களுக்குச் சமமான கணினி என்று 2017-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பெரிய அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷம் அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களே ஒரு குட்டை உடைத்தார்கள். படத்தில் அளவுகோல் இருந்தால் புற்றுநோய் என்று சொல்லும் பழக்கம் அதற்கு இருந்ததாம். சந்தேகமான மருவைத்தான் டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்து படம் எடுப்பார். கணினி மருவைப் படிக்கவில்லை, டாக்டரின் சந்தேகத்தைப் படித்தது. நிமோனியாவுக்குப் பழக்கிய வேறொரு கணினி, படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதை ஏறத்தாழப் பிசகாமல் கண்டுபிடித்தது. நோயாளிகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரி எது என்று தெரிந்தால் பாதி விடை வந்துவிடுமே. மனுவைப் படிக்காமல் லெட்டர்ஹெட்டை மட்டும் பார்க்கும் நம் ஆபீஸ் மேலாளர் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

கொரோனாவில் உச்சம். நெஞ்சுப் படத்தில் கொரோனாவைக் கண்டுபிடிக்கிறேன் என்று உலகம் முழுக்கக் கட்டுரைகள் குவிந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு 2,212 கட்டுரைகளை எடுத்துச் சலித்தது. தேறி உள்ளே வந்தவை 62. அந்த 62-ல் நோயாளியிடம் பயன்படுத்தத் தகுந்தது? பூஜ்யம். சில இடங்களில் கொரோனா வந்த பெரியவர்களின் படத்தையும், கொரோனா இல்லாதவர்கள் என்று ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தியிருந்தார்கள். கணினி நன்றாகப் படித்தது. யார் குழந்தை, யார் பெரியவர் என்று துல்லியமாகச் சொன்னது. நம் அங்கன்வாடி ஆயா இதை எக்ஸ்ரே இல்லாமலே சொல்வார், சத்துமாவும் கொடுப்பார்.

பரீட்சையில் பிட் அடித்து 99 வாங்கும் பையனை வாத்தியார் வெளியே அனுப்புவார். பிட் அடித்து 99 வாங்கும் அல்காரிதத்துக்கு முதலீடு வருகிறது.

இது இன்றைய நோயுமல்ல. மார்பகப் புற்றுநோய்ப் படத்தில் சந்தேகமான இடத்தைச் சுட்டும் கணினிக்கு அமெரிக்க அரசு 1998-ல் அனுமதி தந்தது. அதற்குத் தனியாகக் காப்பீட்டுப் பணம் கிடைக்கத் தொடங்கியதும் ஊரெல்லாம் வாங்கினார்கள். 2015-ல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் விவரங்களை வைத்து ஒரு குழு பார்த்தது. அந்தக் கணினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பில் வித்தியாசமில்லை. செலவில் இருந்தது: ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கும் மேல். பணம் கிடைக்கும்வரை எல்லாருக்கும் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

நம்மூர்ச் சம்பந்தம் உள்ள ஒன்று. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தில் கண்டுபிடிக்கும் கூகுள் கணினி. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆஸ்பத்திரிகளின் படங்களும் இருந்தன. நம் அப்பத்தாக்களின் கண்களில் எழுதப் படிக்கக் கற்ற கணினி அது. கெட்டிக்காரக் கணினிதான், சந்தேகமில்லை. தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே படம் எடுக்கும் அறை ஆய்வுக்கூடம் போல இருட்டாக இல்லை. முதல் ஆறு மாதத்தில் கொடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், தெளிவில்லை, பார்க்க மாட்டேன் என்று தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவருக்கு, இன்னொரு நாள் இன்னொரு ஆஸ்பத்திரி. ஒரு கிளினிக்கில் இணையம் இரண்டு மணி நேரம் போனது. 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. இதையெல்லாம் மறைக்காமல் எழுதியது கூகுள் ஆய்வாளர்களேதான். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. நம் பக்கம் இப்படி ஓர் அறிக்கை வந்தால் எழுதியவரைத்தான் முதலில் மாற்றல் செய்வார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, காசநோயில் இந்தப் படம் பார்க்கும் கணினி வேலை செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டாக்டர் இல்லாத இடத்தில் கணினியே முதல் சலித்தெடுப்பைச் செய்யலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2019 முதல் 2021 வரை நடந்த நம் தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே மட்டும் இல்லாதிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். சந்தேகப்படும்படி அறிகுறி இல்லாதவர்கள் அவர்கள். ஆகவே கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே பெட்டி, அதற்குள் அல்காரிதம், வேனில் ஏற்றி ஊர் ஊராகப் பயணம். 2024 டிசம்பரில் நூறு நாள் இயக்கம். தாராளமாகப் போகட்டும். தேடட்டும். கண்டுபிடிக்கட்டும்.

கண்டுபிடித்த பிறகு?

வீட்டில் சும்மா இருந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படம் எடுத்து, உனக்கு டி.பி. என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்கு அடுத்த வாரம் வா என்றால் அதற்கு என்ன பெயர்? ஜோசியம். ஜோசியராவது பரிகாரம் சொல்வார். இங்கே சளிப் பரிசோதனை, பிறகு பதிவு, பிறகு கவுண்டர், பிறகு கம்பி வலை, பிறகு சிஸ்டத்துல இல்லைம்மா. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நாம் அகப்பைக்கு மட்டும் கேமரா பொருத்தியிருக்கிறோம்.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டெல்லியில் பிரதமர் அறிவித்தார். உலகம் 2030 என்றது, நாம் ஐந்து வருஷம் முந்தினோம். அறிவிப்பில். 2015-ஐவிடப் புதிய நோயாளிகளை 80 சதவீதம் குறைப்பது இலக்கு. 2024 வரை குறைந்திருப்பது 21 சதவீதம். உலக சராசரியைவிட இது வேகம் என்று அறிக்கை விட்டுப் பாராட்டிக்கொண்டார்கள். நூற்றுக்கு எண்பது வாங்குகிறேன் என்று சைக்கிள் கேட்ட பையன், 21 வாங்கிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் 12 தான் என்கிறான். சைக்கிளை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பது வேறு விஷயம்.

இந்த நோயை எது குணப்படுத்துகிறது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது சென்னைதான். 1956-ல் இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இன்றைக்கும் சேத்துப்பட்டில் வேறு பெயரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. அந்த மையத்தார் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் குடிசையில். குடிசைக்காரர்களுக்குக் காற்று இல்லை, பால் இல்லை, ஓய்வு இல்லை. மருந்து மட்டும் உண்டு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணம். 1959-ல் அது வெளியானதும் உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. மாத்திரை தவறாமல் கைக்குப் போனால் குடிசையிலும் குணமாகும் என்று நிரூபித்த ஊர் இது. அந்த ஒரே நிபந்தனையில்தான் இப்போது ஓட்டை.

மாத்திரையைத் தவறாமல் அனுப்பவும் நமக்குத் தெரியும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாவட்டக் கிடங்கு, மொத்தக் கொள்முதல், தரப் பரிசோதனை, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கியில் இருப்பது போல ஒரு பாஸ்புக். எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு மிச்சம் என்று புத்தகம் சொல்லும். கேரளமும் ராஜஸ்தானும் பார்த்துப் படித்துப் போயின. அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. பேனாவும், பார்த்துக் கேட்க ஓர் ஆளும் இருந்தார்கள். இங்கேயும் மாத்திரை தீராமல் இல்லை, நானே கவுண்டரில் நின்றிருக்கிறேன். ஆனால், காசநோய் மருந்து டெல்லி வாங்கி அனுப்புவது. பாஸ்புக்கை இங்கே எத்தனை தடவை புரட்டினாலும் டெல்லிக் கோப்பு நகராது.

நடுவில் மாத்திரை நின்றால் என்னாகும் என்பதையும் எல்லாரும் அறிவார்கள். பாதி செத்த கிருமி மீதியில் தேறிவிடும். ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்கு அசையாது. அப்புறம் வேறு மருந்து, பல மடங்கு செலவு. அது எந்த மருந்து? லினசோலிட், சைக்ளோசெரின். அதாவது 2023-ல் தட்டுப்பாடே இல்லாமல் கிடைக்காமல் போனவை.

அந்த அம்மா மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ், ஒரு நாள் கூலி. நாலாவது தடவை வரவில்லை. பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் தயாராக இருக்கிறது: சிகிச்சையை இடையில் விட்டவர். களப்பணியாளர்கள் இதற்கு வெகுகாலமாக ஒரு சொல் வைத்திருந்தார்கள், டிஃபால்ட்டர். வங்கிக் கடனை ஏமாற்றியவருக்குச் சொல்கிற அதே சொல். இப்போது கொஞ்சம் மரியாதையாக மாற்றியிருக்கிறார்கள். கட்டம் மாறவில்லை. மருந்தை இடையில் விட்ட அரசு என்று பதிய அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

ஒரு நாள் வீடு தேடி ஒரு பெண் வருவார், கையில் டேப்லட் கணினியோடு. "ஏம்மா, மாத்திரையைப் பாதியில விட்டுட்டீங்களாமே? சிஸ்டத்துல காட்டுது."

"நான் எங்கம்மா விட்டேன்?"